தோற்கும் அணியை ஏன் விட்டுப் போவதில்லை? பாஸ்டன் ரசிகர்களின் அக்டோபர்

கேள்வி இது: "அமெரிக்காவில் அக்டோபர் வந்தால் பேஸ்பால் ரசிகர்கள் தூக்கமில்லாமல் திரிகிறார்கள், பெரிய மனிதர்கள் அழுகிறார்கள். தங்கள் பெயர்கூடத் தெரியாத ஒரு அணிக்காக ஏன் இத்தனை பாடு? தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை விட்டுவிட்டு, ஜெயிக்கிற அணிக்கு மாறிவிட்டால் என்ன?"

நானும் இதே கேள்வியோடுதான் 2002இல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் சாமர்வில் என்ற ஊரில் போய் இறங்கினேன். பேஸ்பால் என்றால் கட்டையான மட்டையால் பந்தை வானத்துக்கு அடிப்பது என்ற அளவில்தான் தெரியும். அங்கே மூன்றடுக்கு மர வீடுகள் அதிகம். மாடியில் நான் குடியிருந்தேன், கீழே வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர், மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வாடகைக் காசோலை கொடுக்கப் போனால் டிவி சத்தத்தை அணைத்துவிட்டு ரேடியோவில் வர்ணனை கேட்டுக்கொண்டிருப்பார். படம் டிவியில், குரல் ரேடியோவில். மடியில் ஒரு ஸ்கோர் புத்தகம், காதில் செருகிய பென்சில். என் பதிலில் பாதி அவர் சமையலறையில் கிடைத்தது.

முதலில் அந்த ஆட்டத்தின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். வலி எங்கிருந்து வருகிறது என்பது அதில்தான் இருக்கிறது.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். ஏறக்குறைய தினமும் ஆட்டம். நூறு ஜெயித்தால் பெரிய அணி. அப்படிப்பட்ட அணியும் அறுபது முறை தோற்றிருக்கும். ஆகவே கோடைக்காலத்தில் ஒரு தோல்வி பெரிய விஷயமே இல்லை; "சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று டிவியை அணைத்துவிட்டுப் படுக்கலாம். ஆறு மாதம் அந்த அணி வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. சமைக்கும்போது பின்னணியில் அதன் சத்தம், காரில் அதன் சத்தம்.

அக்டோபரில் அந்த நாளைக்கு என்பது பறிபோகிறது. ஐந்து ஆட்டத் தொடர், ஏழு ஆட்டத் தொடர், முடிந்தது. இப்போது 12 அணிகள் பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிந்து நடக்கும் வெளியேற்றுத் தொடர்களுக்கு, போகின்றன. முதல் சுற்று மூன்றே ஆட்டம். ஆறு மாத உழைப்பை மூன்று நாளில் கணக்குத் தீர்த்துவிடுவார்கள். 2001இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டங்கள் ஜெயித்தது. கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. 2022இல் 111 ஜெயித்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை சான் டியேகோ நான்கே ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த வருடம் நூறும் அதற்கு மேலும் ஜெயித்த மூன்று அணிகளும் தங்கள் முதல் தொடரிலேயே காலி. நல்ல அணி ஜெயிக்கும் என்று நம்பி பிளேஆஃப் பார்க்க உட்காருபவனுக்கு இந்த ஆட்டம் சரிப்படாது.

இன்னொன்று, இதில் ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் இல்லை. கால்பந்தில் இரண்டு கோல் முன்னிலையில் இருந்தால் பந்தை அங்கும் இங்கும் தட்டி நேரத்தைப் போக்கலாம். பேஸ்பாலில் முடியாது. ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக 27 அவுட். அந்த இருபத்தேழாவதை எடுத்தே ஆக வேண்டும். 26 எடுத்துவிட்டு இன்னும் ஒன்று என்று நிற்கும் இடத்தில்தான் மனிதர்களின் இதயம் நின்றுபோகும். நம் கிரிக்கெட்டில் கடைசி விக்கெட் ஜோடி நின்று ஆடினால் வயிற்றைப் பிசையுமே, அந்தப் பிசைச்சல் இங்கே அமைப்பிலேயே இருக்கிறது.

இப்போது பாஸ்டன் ரெட் சாக்ஸ் கதை. முதல் 15 வேர்ல்ட் சீரீஸில் ஐந்தை ஜெயித்த அணி: 1903, 1912, 1915, 1916, 1918. கடைசி மூன்றில் பேப் ரூத் என்ற இளைஞர் இருந்தார், அப்போது முக்கியமாக பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 1919 டிசம்பர் கடைசியில் அணி முதலாளி ஹாரி ஃப்ரேஸி அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றார். கூடவே மூன்று லட்சம் டாலர் கடனும் பேசி வாங்கிக்கொண்டார். ஈடு, ஃபென்வே பார்க் மைதானம். அதாவது பாஸ்டன் அணி ஆடும் மைதானமே நியூயார்க்காரர்களிடம் அடமானம். அதுவரை ஒரு கோப்பைகூட இல்லாத யாங்கீஸ் அடுத்த எண்பது வருடத்தில் 26 வாங்கியது. ரெட் சாக்ஸ் வாங்கியது பூஜ்யம்.

இதைத்தான் பிற்காலத்தில் பாம்பினோ சாபம் என்றார்கள். பாம்பினோ ரூத்தின் செல்லப்பெயர். சாபம் என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது, அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன். 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் ஃபென்வேயில் தேர்வு ஆட்டம் ஆடிக் காட்டினார். அவரை அணி எடுக்கவில்லை. அவர் 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கி வரலாறு படைத்தார். ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின வீரர் பம்ப்ஸி கிரீனைக் களமிறக்கியது 1959இல். பெரிய லீக் அணிகளிலேயே கடைசி. பன்னிரண்டு வருடம் நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் பாதிப் பேரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தோற்றால், அதற்குச் செத்துப்போன ரூத் என்ன செய்வார்? சாபம் என்று பெயர் வைத்துவிட்டால் முதலாளி தப்பித்துவிடுகிறார். அந்தக் கால முதலாளி டாம் யாக்கி பெயரில் இருந்த மைதானத்துத் தெருவுக்கு 2018இல்தான் பழைய பெயரைத் திரும்ப வைத்தார்கள்.

சரி, தோல்விக்கு வருவோம். மோசமாக ஆடித் தோற்கும் அணியை யாரும் இவ்வளவு காதலிக்க மாட்டார்கள். பாஸ்டன் அப்படித் தோற்கவில்லை. வாய்க்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து தட்டிவிட்ட தோல்விகள். 1946, 1967, 1975, 1986 என நான்கு முறை வேர்ல்ட் சீரீஸ். நான்கிலும் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோல்வி. நடுவில் 1978. ஜூலையில் யாங்கீஸைவிட 14 ஆட்டங்கள் முன்னிலை. செப்டம்பரில் யாங்கீஸ் ஃபென்வேக்கு வந்து நான்கு ஆட்டத்தையும் சேர்த்து 42க்கு 9 என்று துவைத்துக் காயப்போட்டார்கள். கடைசியில் இரண்டும் சமமாகி, அக்டோபர் 2ஆம் தேதி ஒரே ஒரு தீர்ப்பு ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ் வரை பாஸ்டன் 2-0. அப்போது யாங்கீஸின் பக்கி டென்ட் வந்தார். அந்த சீசன் முழுக்க நான்கே ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்திருந்த ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் தடுப்பாளர். அவர் தூக்கி அடித்த பந்து ஃபென்வேயின் இடதுபக்கப் பச்சைச் சுவருக்கு மேலே போய் விழுந்தது. அந்தச் சுவர் 37 அடி உயரம். ஆனால் மட்டைக்காரனுக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறது. மற்ற மைதானமாக இருந்தால் சாதாரண கேட்ச் ஆகியிருக்கும் என்று பாஸ்டனில் இன்றும் சொல்வார்கள். தங்கள் வீட்டுச் சுவரே காட்டிக்கொடுத்தது. 5-4 தோல்வி. டென்ட்டின் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் நடுவில், பாஸ்டனைச் சுற்றிய நியூ இங்கிலாந்து வட்டாரம் முழுக்க ஒரு கெட்ட வார்த்தையைச் செருகித்தான் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், அவரும் செருகினார்.

1986 இன்னும் கொடுமை. வேர்ல்ட் சீரீஸின் ஆறாவது ஆட்டம், நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸோடு, அவர்களுடைய ஷே ஸ்டேடியத்தில். பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-3 முன்னிலை, மெட்ஸுக்கு இரண்டு அவுட், ஓடிக் கடக்க வேண்டிய பேஸ் எதிலும் யாரும் இல்லை. மைதானத்தின் ஸ்கோர்போர்டில் பாஸ்டனுக்கு வாழ்த்துச் செய்தி ஒரு கணம் மின்னிவிட்டது. மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் ஒரு அவுட்; கடைசி ஸ்ட்ரைக் ஒன்றுதான் பாக்கி. வரிசையாக மூன்று சிங்கிள், அதாவது முதல் பேஸை எட்டவைக்கும் அடி. அப்புறம் ஒரு பந்து, மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்காரும் கேட்சருக்கு எட்டாமல் ஓட, ஸ்கோர் சமம். அப்புறம் மூக்கி வில்சன் தட்டிய பந்து மெல்ல உருண்டு முதல் பேஸில் நின்ற பில் பக்னரிடம் வந்தது. கணுக்கால் வலியோடு ஆடிக்கொண்டிருந்தவர் அவர். பந்து கால்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டது. இதில் எல்லாரும் மறப்பது: பந்து பக்னரிடம் வருவதற்கு முன்பே ஸ்கோர் சமமாகிவிட்டது. அதற்கு மேல் ஏழாவது ஆட்டமும் இருந்தது, அதிலும் பாஸ்டன் 3-0 முன்னிலை பெற்று 8-5 என்று தோற்றது. ஆனால் ஞாபகத்துக்கு ஒரு முகம் வேண்டும். பழி முழுக்க பக்னர் தலையில். 22 வருடம் கழித்து 2008 ஏப்ரலில் அவரை ஃபென்வேக்கு அழைத்து முதல் பந்தை வீசச் சொன்னார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்து வந்தார். அந்தக் கைதட்டலில் பாதி, மன்னிப்புக் கேட்பது போல எனக்குப் பட்டது.

என் வீட்டுக்காரரின் அலமாரியில் பழைய ஸ்கோர் புத்தகங்கள் வரிசையாக இருக்கும். பேஸ்பால் ஸ்கோர் எழுதுவது தனி மொழி. ஒவ்வொரு ஆட்டக்காரர் நிற்கும் இடத்துக்கும் ஒரு எண்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இப்படி ஒன்பது வரை. பிட்சர் பந்தைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்து அவுட்டாக்கினால் கட்டத்தில் 1-3. முதல் பேஸ்காரர் பந்தைக் கோட்டைவிட்டால் பிழைக்கான ஈ எழுத்தைப் போட்டு ஈ-3. 1978ஆம் வருடப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்: கடைசிக் கட்டத்தில் 5. பாஸ்டனின் யாஸ்ட்ரெம்ஸ்கி மேலே தூக்கியதை மூன்றாவது பேஸில் பிடித்தார்கள். 1986ஐத் திறந்தார். பத்தாவது இன்னிங்ஸில் மூக்கி வில்சனின் கட்டம் காலி.

"இங்கே ஈ-3 வர வேண்டாமா?" என்றேன். அதற்குள் நானும் கொஞ்சம் கற்றிருந்தேன்.

"எழுதவில்லை" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாள் அலுவலகத்தில் கேட்டால், அந்த வருடம் பிறந்தவன் ஒருவன், "எங்கப்பா அன்றைக்கு ராத்திரி டிவியைத் தூக்கி வெளியே வைத்தாராம்" என்றான். அவன் பார்த்ததில்லை, ஆனால் அவன் முகத்தில் அந்தத் தோல்வி இருந்தது.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு என் பதில். அணியை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தத் தோல்வியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அப்பாவை, அண்ணனை, மனைவியை எப்படி மாற்றிக்கொள்வது? என் வீட்டுக்காரர் 1946ஐ அவர் அப்பாவோடு ரேடியோவில் கேட்டவர். 1986ஐ மனைவியோடு பார்த்தவர். யாங்கீஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டால் அந்த இரண்டு பேரிடமும் என்ன சொல்வார்?

ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் பிரபலம். கல்லூரி அணி அமெரிக்கக் கால்பந்தில் ஜெயித்த வாரத்தில் மாணவர்கள் கல்லூரிப் பெயர் பொறித்த உடைகளை அதிகம் போட்டு வந்தார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், வெற்றி என்றால் "நாங்க ஜெயிச்சோம்", தோல்வி என்றால் "அவங்க தோத்துட்டாங்க". நம் ஊர் டீக்கடையிலும் இதே இலக்கணம்தான். ஆனால் கீழ்வீட்டுப் பெரியவர் மாதிரி ஆட்களிடம் அந்த இலக்கணம் வேலை செய்யவில்லை. அவர் எப்போதும் நாங்கள்தான். 1978இல் நாங்கள் தோற்றோம். 1986இல் நாங்கள் கோட்டைவிட்டோம். அவர் பிறப்பதற்கு முன்பே ரூத்தை விற்றதும் நாங்கள்தான். கேட்டால் எனக்கே குற்ற உணர்வு வந்துவிடும்.

இனி பகைமை. யாங்கீஸும் ரெட் சாக்ஸும் என்று சமமாகச் சொல்கிறோமே, பல வருடம் அது ஒருபக்கப் பகைதான். பாஸ்டன்காரன் காலையில் எழுந்ததும் யாங்கீஸ் தோற்றதா என்று பார்ப்பான். நியூயார்க்காரன் அந்த அளவுக்குக் கண்டுகொள்ள மாட்டான். அப்போதே 26 கோப்பை வைத்திருந்தவனுக்கு எதற்குப் பொறாமை? அந்த நாட்களில் ஃபென்வேகாரர்கள் வந்தால் யாங்கீஸின் பிராங்ஸ் மைதானத்தில், பாஸ்டன் கடைசியாக ஜெயித்த வருடத்தை "நைன்டீன் எய்ட்டீன்" என்று ராகம் போட்டுக் கத்துவார்கள். ஒரு வருடத்தின் எண்ணைச் சொன்னாலே வசவு என்ற அதிசயம். 2004 செப்டம்பரில் பாஸ்டன் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ் யாங்கீஸிடம் தோற்றுவிட்டு, மனம் நொந்து, அவர்கள் என் அப்பன்மார் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அடுத்த மாதம் அவர் நியூயார்க்கில் பந்து வீச வந்தபோது மைதானமே "யாருடா உன் அப்பன்?" என்று கோஷம் போட்டது. நம் ஊர் மேடைகளுக்கு இது புதிதல்ல.

விட்டுப் போனவர்கள் மேல் வருகிற கோபம் எதிரி மேல் வருவதைவிட அதிகம். நீண்ட தலைமுடியும் தாடியுமாக 2004 பாஸ்டன் அணியின் முகமாக இருந்த ஜானி டேமன், அடுத்த வருடக் கடைசியில் 5.2 கோடி டாலருக்கு யாங்கீஸுக்குப் போனார். யாங்கீஸில் அப்போது தாடிக்குத் தடை. மொட்டையாகச் சிரைத்த முகத்தோடு அவர் படம் பத்திரிகையில் வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் துக்க வீடு மாதிரி இருந்தது. அவர் ஃபென்வேக்குத் திரும்பி வந்த நாளில் கூட்டம் ஊளையிட்டது. சின்னப்பிள்ளைத்தனம்தான். புதிய யாங்கீ ஸ்டேடியம் கட்டும்போது ஒரு கட்டுமானத் தொழிலாளி, அவர் பாஸ்டன் ரசிகர், பாஸ்டன் ஆட்டக்காரர் டேவிட் ஓர்ட்டிஸின் சட்டையை கான்கிரீட்டுக்குள் புதைத்துவிட்டார். நம் பில்லி சூனியம் மாதிரி. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், யாங்கீஸ் நிர்வாகம் 2008 ஏப்ரலில் கான்கிரீட்டை உடைத்துத் தோண்டி எடுத்தது! அந்தச் சட்டை ஏலத்தில் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் டாலருக்குப் போனது. பணம் புற்றுநோய் நிதிக்கு.

எல்லாம் சிரிப்பதற்கு இல்லை. 2003 அக்டோபர் 14, சிகாகோ. 1908க்குப் பிறகு கோப்பையே பார்க்காத கப்ஸ் அணி, வேர்ல்ட் சீரீஸுக்கு ஐந்து அவுட் தூரத்தில் 3-0 முன்னிலையில் இருந்தது. எல்லைச் சுவரை ஒட்டி விழப்போன பந்துக்குப் பல ரசிகர்கள் கையை நீட்டினார்கள். ஒருவர் கையில் பட்டு ஆட்டக்காரரின் கேட்ச் தவறியது. அப்புறம் எதிரணி எட்டு ரன் எடுத்தது. அந்த எட்டில் கப்ஸ் ஷார்ட்ஸ்டாப் தவறவிட்ட எளிய பந்துக்கும் பங்கு உண்டு, பிட்சர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் பழி அந்த ஒரு ரசிகர் மேல். பாதுகாவலர்கள் சூழ அவரை வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. மேலேயிருந்து பீர் ஊற்றினார்கள், வீட்டு முன் போலீஸ் நிற்க வேண்டியதாயிற்று. அவரும் சின்ன வயதிலிருந்து கப்ஸ் ரசிகர். அந்தப் பந்தை ஒரு உணவகம் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, ஊர் கூடிப் பார்க்க வெடிவைத்துத் தகர்த்தது. 2016இல் கப்ஸ் ஒருவழியாக ஜெயித்த பிறகு அணி நிர்வாகம் அவருக்கு ஒரு சாம்பியன் மோதிரம் அனுப்பியது. பதின்மூன்று வருடத்துக்கு ஒரு மோதிரம்.

அதே 2003, இரண்டே நாள் கழித்து, அக்டோபர் 16. யாங்கீ ஸ்டேடியத்தில், வேர்ல்ட் சீரீஸுக்கு முந்தைய தொடரின் ஏழாவது ஆட்டம். பாஸ்டனும் ஐந்து அவுட் தூரத்தில், 5-2 முன்னிலையில். நான் அன்றைக்குக் கீழ்வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெட்ரோ நூறு பந்து வீசியிருந்தார். அவர் நூறைத் தாண்டினால் சாதாரண மனிதர் என்று பாஸ்டனில் பால்காரருக்கும் தெரியும். எட்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஜீட்டர் டபுள் அடித்து இரண்டாவது பேஸுக்குப் போனார், அடுத்தவர் சிங்கிள். மேனேஜர் கிரேடி லிட்டில் எழுந்து மெல்ல நடந்து பிட்சரிடம் போனார். பெரியவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். லிட்டில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பெட்ரோவை அங்கேயே விட்டுத் தனியாகத் திரும்பினார். "போச்சு" என்றார் பெரியவர், ஸ்கோர் இன்னும் 5-3 என்று இருக்கும்போதே. அடுத்தடுத்து இரண்டு டபுள், 5-5. பதினோராவது இன்னிங்ஸ், நள்ளிரவு தாண்டிவிட்டது. பாஸ்டனின் டிம் வேக்ஃபீல்ட் போட்ட முதல் பந்து, யாங்கீஸின் ஏரன் பூன் அடித்தார், ஹோம் ரன். பெரியவர் ரேடியோவை அணைத்தார். எழுந்து போய்க் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தார். நான் மாடிக்குப் போய்விட்டேன். அந்தத் தெருவில் அன்று எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, ஒரு சத்தமும் இல்லை. லிட்டிலுக்கு அணி அடுத்த ஒப்பந்தம் கொடுக்கவில்லை.

2004இல் மறுபடி அதே யாங்கீஸ், அதே தொடர். முதல் மூன்றையும் தோற்றார்கள், மூன்றாவது 19-8 என்று, அதுவும் ஃபென்வேயில். பேஸ்பால் பிளேஆஃப் வரலாற்றில் அதுவரை 0-3 என்று பின்தங்கிய எந்த அணியும் தொடரை ஜெயித்ததில்லை. நான்காவது ஆட்டத்துக்கு முன் பாஸ்டனின் கெவின் மிலார் மட்டும் எதிரில் அகப்பட்டவர்களிடமெல்லாம், இன்றைக்கு எங்களை ஜெயிக்க விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 பின்தங்கல், எதிரே மரியானோ ரிவேரா. அவரைவிட நம்பகமான கடைசி பிட்சர் இந்த ஆட்டத்தில் பிறந்ததில்லை. மிலார் வாக் வாங்கி, அதாவது அடிக்காமலே இலவசமாக, முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸ் இறங்கினார். எதற்கு இறங்கினார் என்று மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்: பந்து அடிபடும் முன்பே ஓடி இரண்டாவது பேஸைத் திருட. ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து அவரைத் தடுத்துப் பார்த்தார். மட்டைக்காரருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடினார். கை பேஸைத் தொட்டதற்கும் ஜீட்டர் அவரைத் தொட்டதற்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரம். அடுத்து பில் மில்லரின் சிங்கிள், ஸ்கோர் சமம். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஓர்ட்டிஸ் ஹோம் ரன் அடித்தபோது மணி ஒன்று இருபத்திரண்டு.

அன்றைக்கே மாலை ஐந்தாவது ஆட்டம். 14 இன்னிங்ஸ், ஐந்து மணி நாற்பத்தொன்பது நிமிடம். முடித்து வைத்தது மறுபடி ஓர்ட்டிஸ். ஆக, அக்டோபர் 18 என்ற ஒரே தேதியில் ஒரே ஆள் யாங்கீஸை இரண்டு முறை வீழ்த்தினார். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் யாரும் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் போடவில்லை. ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டன் பிட்சர் கர்ட் ஷில்லிங் கணுக்காலில் தையல் போட்டுக்கொண்டு, காலுறையில் ரத்தம் கசியப் பந்து வீசினார். ஏழாவது 10-3, ரூத் கட்டிய வீடு என்று பெயர் வாங்கிய அதே யாங்கீ ஸ்டேடியத்தில். 0-3இலிருந்து வந்து ஜெயித்த முதல் அணி.

அந்த இரவில் ஃபென்வேக்கு வெளியே கூடிய கொண்டாட்டக் கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் சுட்ட மிளகுக் குண்டு கண்ணில் பட்டு 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் இறந்துபோனார். பாஸ்டனில் 2004ஐப் பற்றிச் சந்தோஷமாகப் பேசும்போது பலர் இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

வேர்ல்ட் சீரீஸ் அதன்பின் சப்பென்று முடிந்தது; செயின்ட் லூயிஸோடு நான்குக்கு நான்கு. அக்டோபர் 27, முழுச் சந்திர கிரகணம். 1986இல் ஏழாவது ஆட்டத்தைத் தோற்ற அதே தேதி, பதினெட்டு வருடம் கழித்து. எட்டாவது இன்னிங்ஸில் பெரியவர் என்னை வாசலுக்கு அனுப்பி நிலா எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார். செம்பு நிறத்தில் இருந்தது. சொன்னேன். தலையாட்டினார், நல்லதா கெட்டதா என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசி அவுட், பந்து பிட்சர் ஃபோக்கிடமே திரும்பி வந்தது. அவர் நாலு எட்டு ஓடி, கீழ்க்கையாக முதல் பேஸுக்குப் போட்டார். தெருவில் கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. பெரியவர் 1-3 என்று எழுதி, வட்டம் போட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அப்புறம் மெயின் மாநிலத்தில் இருக்கும் தங்கைக்கு போன் போட்டார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை, போனைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

அந்த வாரம் நியூ இங்கிலாந்துக் கல்லறைகளில் ரெட் சாக்ஸ் தொப்பிகளும் செய்தித்தாள்களும் நிறையக் கிடந்தன. அவரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் கேட்டேன், "1986இல் அந்தக் கட்டத்தை இப்போதாவது எழுதுவீர்களா?"

"எதற்கு? அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு ரெட் சாக்ஸ் 2007, 2013, 2018 என்று மூன்று முறை ஜெயித்துவிட்டது. இப்போது பாஸ்டனில் இருக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வதெல்லாம் தாத்தா கதை. பழையவர்கள் சிலர், ஜெயித்த பிறகு ஏதோ ஒன்று குறைந்துவிட்டது என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பசி தீர்ந்தவன் பசியின் ருசியைப் பேசுகிற பேச்சு அது.

2005 ஏப்ரல் 3, சீசனின் முதல் ஆட்டம். சாம்பியன் பட்டத்தோடு யாங்கீ ஸ்டேடியத்தில் இறங்கிய ரெட் சாக்ஸ் 9-2 என்று தோற்றது. மாடிப்படியில் இறங்கும்போது கீழ்வீட்டில் ரேடியோவை அணைக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து என்னைப் பார்த்தவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இந்த வருஷமும் அவ்வளவுதான்" என்றார். இன்னும் 161 ஆட்டம் பாக்கி இருந்தது.